புவனேஸ்வரனின் நான்கு பாலிசிகள்

எங்கள் ஜெலுத்தோங் அடுக்குமாடியில் புவனேஸ்வரன் லிப்டுக்குள் நுழைந்தால், விவரம் தெரிந்தவர்கள் படியில் நடப்பார்கள். அவர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். கதவு மூடியதும் குரல் குழைந்துவிடும்.

"அண்ணே, கடவுள் இருக்காரா இல்லையா, எனக்குத் தெரியாதுண்ணே. உங்களுக்கும் தெரியாது. ஆனா கும்பிட்டு வச்சா என்ன நட்டம்? அவரு இல்லைன்னா ரெண்டு சூடம் வீணாப் போச்சு, அவ்வளவுதான். இருந்துட்டா? மேல போய் நிக்கிறப்ப முழிக்க வேணாம் பாருங்க. இன்சூரன்சும் அப்படித்தான்லா."

பத்தாவது மாடி வருவதற்குள் கேட்டவர் பாதி பக்தராகவும் பாதி வாடிக்கையாளராகவும் மாறியிருப்பார். சொன்னவருக்கு மட்டும் பக்தி என்பது டயரில் காற்று சரிபார்ப்பது மாதிரி. பார்த்துவைப்பது நல்லது, அதற்குமேல் ஒன்றுமில்லை.

அவர் மனைவி சுபாஷினி பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலையொன்றில் சூப்பர்வைசர். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தே பாதி ஆயுளைக் கழித்தவர். "இருந்தா காட்டுங்க. காட்ட முடியலன்னா ரிஜெக்ட்." சிப் விஷயத்திலும் சாமி விஷயத்திலும் அவருக்கு ஒரே கொள்கை.

அந்தச் சுபாஷினியின் கழுத்தில்தான் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசியால் கொஞ்சம் சதை எடுத்து, நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று பார்த்துச் சொல்ல ரெண்டு வாரம் ஆகும் என்றார்கள். மறுநாள் சுபாஷினி வேலைக்குப் போனார். புவனேஸ்வரன் சாமிகளிடம் போனார்.

முதலில் குவீன் ஸ்திரீட் மாரியம்மன். கையைத் தலைக்குமேல் குவித்து, கண்ணீர் வழிய நின்றார். "தாயே, உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா? ரிசல்ட் நல்லபடியா வந்தா மொட்டை போடறேன்." செருப்பை மாட்டிக்கொண்டு அப்படியே நடந்து சீனர்களின் குவான் யின் அம்மன் கோயில். அங்கே ஊதுபத்திப் புகையில் கண்ணீர் தானாகவே வந்தது. "தாயே, உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?" அங்கே விளக்குக்கு ஒரு டின் எண்ணெய். ஞாயிற்றுக்கிழமை கடல்பாலம் தாண்டி புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் தேவாலயம். மனைவியின் உயரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக வேண்டுதல். சுபாஷினி இறங்காமல் காடியிலேயே உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள என்ன சொன்னீங்க?"

"வேண்டிக்கிட்டேன்."

"அதே டயலாக்கா?"

"மனசார சொன்னேன் சுபா."

"மூணு எடத்துலயும் மனசாரவா?"

மிச்சமிருந்தது தர்கா. அதற்குச் சிக்கந்தரைப் பிடித்தார். சூலியா ஸ்திரீட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், பழைய வாடிக்கையாளர்.

"அங்க அடங்கியிருக்கிறவரு சாமி இல்லலா," என்றார் சிக்கந்தர். "இறைநேசரு. நமக்காக அல்லாகிட்ட கேப்பாரு."

"அப்ப ஏஜெண்ட்," என்றார் புவனேஸ்வரன், தொழில் பாசத்தோடு. "நம்ம ஆளு."

உள்ளே பச்சைப் போர்வை சாத்துவதாக வேண்டிக்கொண்டு, வழக்கமான வசனத்தை வாய்விட்டே சொன்னார். வெளியே வந்ததும் சிக்கந்தர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன்ன விட்டா யாருமில்லன்னு சொன்னியே. நெத்தியில குங்குமம் இருக்கு. காடி கண்ணாடியில ஜெபமாலை தொங்குது. போன வாரம் குவான் யின் கோயில் வாசல்ல மூக்கச் சிந்திக்கிட்டு நின்ன. நானே பார்த்தேன்."

"எல்லாம் ஒரு சேஃப்டிக்குத்தாண்ணே."

சிக்கந்தர் சிரிக்கவில்லை. ரெண்டு வருடத்துக்கு முன் சிறுநீரகக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்டு அவர் கேட்ட கிளெய்மைக் கம்பெனி தள்ளிவிட்டது. அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர் புவனேஸ்வரன். அன்றைக்கு அவர் பேசிய குரலைச் சிக்கந்தர் பத்திரமாக வைத்திருந்தார். இப்போது எடுத்துவிட்டார்.

"'அண்ணே, நான் என்ன செய்ய முடியும்? வேற கம்பெனியில பாலிசி இருக்கான்னு கேட்டப்ப இல்லன்னு சொல்லிட்டீங்க. மறைச்சிட்டீங்கண்ணே. மறைச்சா பாலிசி செல்லாது. ரூல்ஸ்லா.'"

அந்த இழுவை, அந்தப் பெருமூச்சு, அந்தக் கடைசி 'லா' எல்லாம் அச்சு அசல். புவனேஸ்வரனுக்கு முகம் செத்துவிட்டது. நான்கு இடத்திலும் மற்ற மூன்றையும் மறைத்திருந்தார். நான்கும் செல்லாது என்றால் சுபாஷினியின் கழுத்துக்கு யார் பொறுப்பு?

மறுநாள் விடிந்ததும் காடிச் சாவியை எடுத்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் சுபாஷினி.

"நாலு எடத்துலயும் உண்மையச் சொல்லிட்டு வந்துடறேன்."

"எல்லாம் தெரிஞ்ச சாமின்னா நீங்க சொல்லாமலே தெரியும். தெரியாதுன்னா அது சாமியே இல்ல. இதுக்கு எதுக்குப் பெட்ரோல வீணாக்குறீங்க?"

புவனேஸ்வரன் யோசித்தார். "தெரியும்தான். ஆனா நம்ம வாயால சொன்னாத்தான் டிக்ளரேஷன்."

போய்ச் சொன்னார். மாரியம்மனிடம் சொல்லும்போது மட்டும் "வேற சில பார்ட்டிங்ககிட்டயும் பேசியிருக்கேன் தாயே" என்று கொஞ்சம் மழுப்பினாராம்.

முடிவு சொல்லும் நாளில் ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாவின் பெயர் ஜெயலெட்சுமி. அதே டாக்டர், அதே மாதிரிக் கட்டி. நெற்றி நிறைய திருநீறு.

"சின்ன வயசுலேர்ந்து தண்ணீர்மலை முருகன்தாம்மா," என்று அவர் சுபாஷினியிடம் சொன்னார். "அவன விட்டா எனக்கு யாரும் கெடையாது. வேற எங்கயும் போய்க் கேட்டதும் இல்ல."

புவனேஸ்வரன் இந்தப் பக்கம் அந்த அம்மாவின் கணவருக்குத் தன் பெயர் அட்டையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சுபாஷினியை முதலில் கூப்பிட்டார்கள். நல்ல கட்டி, பயப்பட ஒன்றுமில்லை. வெளியே வந்து புவனேஸ்வரன் மருந்து வாங்க வரிசையில் நிற்கும்போது ஜெயலெட்சுமி உள்ளே போனார். திரும்பி வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்தார். கணவர் கையிலிருந்த பெயர் அட்டையை மடித்து மடித்து, இனி மடிக்க முடியாத அளவுக்குச் சின்னதாக்கிவிட்டார். சுபாஷினி அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

காடியில் ஏறியதும் புவனேஸ்வரனுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"நாலு கம்பெனி சேர்ந்து ஒரு கேஸ எடுத்தா, ஆளுக்கு ஒரு பங்குதான் சுபா. யாரு செஞ்சாங்கன்னு நமக்குத் தெரியாது. அதனால நாமளும் பங்கு போட்டுத்தான் செய்யணும். கால் டின் எண்ணெய். முழங்கால் உயரத்துக்கு மெழுகுவர்த்தி. மொட்டையக்கூட பின்பக்கமா ஒரு கால்வாசி..."

"அந்தக்காவுக்கு ஏன் கெட்டதா வந்துச்சு?"

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன். ஒரே கம்பெனிய நம்பி இருந்தாங்க பாரு."

சுபாஷினி முழுசாக அவர் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "நாலு எடத்துக்கும் மறுபடி போங்க. அவங்களுக்காகக் கேளுங்க."

"நீதான் சாமியே நம்ப மாட்டியே."

"நான் நம்பல. அவங்க நம்புறாங்க. கேட்டா என்ன நட்டம்? நீங்க லிப்ட்ல சொல்றதுதானே?"

"இல்ல சுபா, அவங்களுக்கு ரிசல்ட் வந்திருச்சு. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு எவனும் பாலிசி தரமாட்டான்லா."

"என் கட்டி மட்டும்? நீங்க மாரியம்மன் வாசல மிதிக்கிறதுக்கு முன்னாடியே அது என் கழுத்துல இருந்துச்சு. ஊசி குத்தி எடுத்தப்பவே அது நல்ல கட்டிதான். அப்புறம் நாலு பேரும் சேர்ந்து எத மாத்துனாங்க?"

சிக்னலில் விளக்கு பச்சைக்கு மாறியது. புவனேஸ்வரன் நகரவில்லை. பின்னாலிருந்த மோட்டார் சைக்கிள்காரன் ஹாரன் அடித்தான்.

"ஒன்னே ஒன்னு சொல்லுங்க. அழுதீங்களே, அது எனக்காகவா, இல்ல பாலிசிக்காகவா?"

"உனக்காகத்தான். சத்தியமா."

"அப்ப அந்த அழுகைய அங்க போயும் அழுங்க."

வெள்ளிக்கிழமை புவனேஸ்வரன் மாரியம்மன் கோயிலில் நின்றார். முழு மொட்டை. கால்வாசி என்று அவர் விளக்க ஆரம்பித்ததும், சுபாஷினி முடிதிருத்துபவரிடம் மிஷினைக் கேட்டு வாங்கப்போனதாகப் பேச்சு. கையைக் குவித்தார். "தாயே, உன்ன விட்டா எனக்கு..." என்று பழக்கத்தில் தொடங்கியவர், பின்னால் நிற்கும் மனைவியைத் திரும்பிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"தாயே, இது என் கேஸ் இல்ல," என்றார்.

குருக்கள் தட்டோடு வந்தார். "அர்ச்சனை யார் பேருக்கு?"

"ஜெயலெட்சுமி."

"என்ன நட்சத்திரம்?"

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறவர் மொட்டையைத் தடவினார்.

"தெரியாது சாமி," என்றார்.