ஓரகத்தியின் இடுப்பும் என் பட்டினியும்

பொங்கல் விடுமுறைக்கு ஜேடர்பாளையம் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். என் கொழுந்தனார் மனைவி கவிதா வடை, பாயசம், கச்சாயம் எதையும் விடவில்லை. இடுப்பு மட்டும் கல்யாணத்தன்று இருந்தபடியே இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அவளைவிட இளைத்துக் காட்டுகிறேன் என்று, பூப்பறிக்கும் நோம்பி என்ற பண்டிகையன்று காலையிலிருந்து வெறும் தண்ணீர்தான் குடித்தேன். ஆவாரம்பூ பறிக்கப் பெண்கள் கூட்டமாகப் போனபோது, வெயிலில் அவளை முந்திக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் கண் இருட்டிச் சாய்ந்தேன். தாங்கிப் பிடித்தவளும் அவள்தான்.

"ஏனுங்கக்கா, நோம்பியன்னிக்குப் பட்டினி கெடப்பாங்களா? நானே ஒவ்வொண்ணுலயும் ஒண்ணே ஒண்ணுதானுங்க தின்னேன்" என்று கையோடு கொண்டுவந்த கச்சாயத்தைப் பிட்டு ஊட்டினாள்.

இப்போதெல்லாம் பண்டிகை நாளிலும் எதையும் ஒதுக்காமல் அளவோடு சாப்பிடுகிறேன், தவறாமல் நடக்கிறேன். அவள் இடுப்பைப் பார்ப்பதைத்தான் இன்னும் விட முடியவில்லை.