வீட்டில் இருந்த பதினாலு மாதம்

பட்டாளத்திலிருந்து திரும்பியபோது என் கணவர் கொண்டுவந்தவற்றில் மிகப் பத்திரமாக வைத்திருந்தது ஒரு காகிதம். இங்கிலீஷில் அடித்த விடுவிப்புச் சான்று. நாலு வருஷம் லாரி ஓட்டினார், நடத்தை மிக நன்று என்று அதில் இருப்பதாக ஒருமுறை எனக்கு வாசித்துக் காட்டினார். மடங்கிவிடக் கூடாது என்று தகரப் பெட்டியின் அடியில் விரித்து, மேலே துணிகளை அடுக்கினார். சண்டை முடிந்த மறுவருஷம் அது. எனக்கு இருபது வயது. திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் குடியிருந்தோம்.

முதல் மாதம் வீட்டில் ஆள் ஓயவில்லை. அஸ்ஸாம் மழையைப் பற்றியும் மலைப்பாதையில் லாரி ஓட்டியதைப் பற்றியும் கேட்க வந்தார்கள். “மதுரையில வேலைக்குப் பதிஞ்சிருக்கேன், கடிதாசி வரும்” என்று எல்லாரிடமும் சொன்னார். கடிதாசி வரவில்லை. “எப்ப மதுரைக்குப் போறீக?” என்று கேட்டவர்கள் “இன்னும் போகலையா?” என்றார்கள். பிறகு அதையும் கேட்கவில்லை. அவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போவதை ஊர் பார்க்கிறது என்பதற்காக, தாமே திருச்சுழி வரை நடந்து தபாலாபீசில் கேட்டுவிட்டு வருவார். தினமும் முகம் மழித்தவர் வாரம் ஒருமுறை மழித்தார். அப்புறம் அதுவும் இல்லை.

எங்கள் துண்டு நிலத்துக்கு வானம்தான் தண்ணீர். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கிணறு இருந்த தோட்டங்களில் நான் களையெடுக்கப் போனேன். திரும்பும்போது குடங்கள் நிறைந்திருக்கும், வீடு கூட்டியிருக்கும். ஆனால் அவர் என்னை நிமிர்ந்து பார்க்க மாட்டார். கேட்டால் நோகும் என்று நான் கேட்கவில்லை. சொன்னால் நான் கவலைப்படுவேன் என்று அவர் சொல்லவில்லை. ஒரே அறையில், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசாமல் நாங்கள் இருந்த நாட்கள் உண்டு. வேலை இல்லாதவரின் தனிமையை ஊர் ஒருவேளை அறியும். அவர் பக்கத்தில் இருப்பவளுக்கும் அது உண்டு என்பது எனக்கே அப்போது தெரியாது.

அப்படியிருக்கையில் பாலவனத்தத்தில் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பத்திரிகை வந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

“அங்க நூறு பேரு கேப்பாக. நான் என்ன சொல்ல?”

“அப்ப நான் மட்டும் போயிட்டு வாரேன்.”

“மாப்பிள்ளை எங்கன்னு கேட்டா?”

எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினோம். கல்யாணத்தன்று நான் களையெடுக்கவும் போகவில்லை, உலையும் வைக்கவில்லை. தாலி கட்டும் நேரம் கடந்து, வெயில் முற்றத்தில் ஏறிய பிறகு வாய் திறந்தேன்.

“உங்களுக்கு வேலைதான் போச்சு. எனக்குப் பொறந்த வீடே போச்சு.”

அவர் தகரப் பெட்டியருகே போய் உட்கார்ந்து சொன்னார். “வேலை கெடைக்காம இல்ல. மூணு மாசத்துக்கு முன்னாலயே அருப்புக்கோட்டையில ஒரு பஸ் முதலாளி கூப்பிட்டாரு. டிரைவரா இல்ல, கரி அள்ளிப் போட. நான்தான் வேண்டாம்னுட்டேன்.”

பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்கள் கரியில் ஓடிய காலம். பின்புறம், எஞ்சினுக்கு வாயு கொடுக்க, உருளை போல ஓர் அடுப்பு இருக்கும். அதில் கரியைக் கொட்டி, கையால் விசிறியைச் சுற்றி அனல் ஏற்ற ஒரு ஆள் வேண்டும்.

“பட்டாளத்துல என் லாரிக்குப் பின்னால பத்து லாரி வரும்” என்றார். “அந்தக் காகிதத்துல இருக்கவன் யாருன்னு எனக்குத் தெரியும். இங்க உக்காந்திருக்கவன் யாருன்னுதான் தெரியல.”

மூன்று மாதமாக மறைத்தாரே என்ற கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம், இத்தனை மாதத்தில் அவர் இவ்வளவு பேசியது அன்றுதான் என்று உறைத்தது. “எனக்கு டிரைவரும் வேண்டாம், கரி அள்ளுற ஆளும் வேண்டாம்” என்றேன். “எங்கிட்ட நாலு வார்த்தை பேசுற ஆளு வேணும்.”

மூன்றாம் நாள் காலையில் முகம் மழித்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போனார். அந்த அனலில் யாரும் ஒரு மாதம் தங்குவதில்லை. இடம் காலியாகவே இருந்தது, சேர்ந்துகொண்டார். விருதுநகரிலிருந்து பாலவனத்தம், திருச்சுழி வழியாக நரிக்குடி போகும் வண்டி.

இரண்டாவது வாரம் நடந்ததை அவரும் சொன்னார், என் அப்பாவும் தனியாகச் சொன்னார். காய்ச்சல்காரியான மகளைப் பார்க்கக் கல்யாணப் பலகாரக் கூடையோடு அப்பா பாலவனத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார். முகமெல்லாம் கரியாக நின்றவரிடம், “ஏப்பா, இந்தக் கூடைய மேல வையி” என்றிருக்கிறார். இவர் வாங்கி மேலே வைத்தார். அப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லை. நாலடி தள்ளி நின்றிருந்தால் தப்பியிருக்கலாம் என்று இவரே பிற்பாடு சொன்னார். ஆனால் தள்ளி நிற்கவில்லை.

“மாமா, நான்தான்.”

அப்பா உற்றுப் பார்த்தார். “மாப்ளயா? எம் மகளுக்குக் காய்ச்சல்னாகளே, இப்ப எப்படி இருக்கா?”

“காய்ச்சல் இல்ல மாமா. அப்ப எனக்கு வேலை இல்ல. அதான் நாங்க வரல.”

“இதைச் சொல்லவா இத்தனை நாளு?” என்று மட்டும் அப்பா கேட்டார்.

அன்று அப்பா எங்கள் வீட்டிலேயே தங்கினார். வேலை முடிந்து இவர் வந்ததும் இருவரும் முற்றத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். கரியில் அனல் ஏறாத வண்டியை ஆட்களெல்லாம் இறங்கித் தள்ளியதைச் சொல்லி இவர் சிரித்தார். பதினாலு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டு, பரிமாறிக்கொண்டிருந்த நான் உள்ளே போய் அழுதேன். இத்தனை நாள் உனக்கு எப்படி இருந்தது என்று அப்பாவும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியிருக்காது.

அடுத்த வருஷமே டிரைவர் ஆனார். வெகுகாலம் ஓட்டினார். இப்போது அவர் இல்லை. நான் அருப்புக்கோட்டையில் தனியாக இருக்கிறேன். போன மாதம் எதிர்வீட்டுப் பையனுக்கு மில் வேலை போய்விட்டது. வருகிறவர்கள் எல்லாரும் அவனிடம் விசாரித்து, தைரியம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒருநாள் அவன் வெளியே போனபோது நான் போய் அவன் மனைவியிடம் கேட்டேன்: “நீ எப்படி இருக்க ஆத்தா?”

“எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டு, சுளகை எடுத்து அரிசி புடைக்கத் தொடங்கினாள். நான் எழுந்து வரவில்லை. அவள் புடைத்து முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.