வீடு – சுகந்தன் பேர்

மலைச் சுனையிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாயின் வாயில் இலை அடைத்திருந்தது. அதை எடுப்பதற்காக, மே மாதத்துப் பௌர்ணமி நாளான போயா விடுமுறையன்று காலையில் அமிர்தநாதனும் அவர் மகள் அனுஷ்காவும் தேயிலை நிரைகளுக்கு நடுவே மேலே ஏறினார்கள். எழுபத்தொரு வயதில் அவர் முன்னால் போனார். முப்பத்தெட்டு வயதில் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனாள்.

"என்னா இஞ்சினியரம்மா, ஆஸ்பத்திரியில லிஃப்டுல போயிப் போயிக் காலு செத்துப் போச்சா?"

"நான் டெக்னீசியன்பா. எத்தன தடவ சொல்றது?"

"ரெண்டும் ஸ்குரூதானே முடுக்குது."

கண்டியில் ஆஸ்பத்திரி இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது அவள் தொழில். அன்று அவள் குழாயின் வாய்க்கு ஒரு கம்பி வலையை வெட்டிப் பொருத்தினாள். அவர் தண்ணீருக்குள் கையை விட்டு, கருத்துப்போன சருகுகளைப் பிடி பிடியாக அள்ளிப் போட்டார். பதினொன்றரை பஸ்ஸைப் பிடிக்க அவள் கிளம்பும்போது அவர் சட்டைப் பையிலிருந்து சின்னக் கொப்பியை எடுத்து ஏதோ எழுதினார். வட்டவளைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் முப்பத்தோரு வருடம் கங்காணியாக இருந்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கொப்பி அவரை விடவில்லை. என்ன எழுதுகிறார் என்று அவள் கேட்கவில்லை.

அதிலிருந்து பத்தொன்பதாம் நாள் அவர் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாளே அனுஷ்கா வேலைக்குத் திரும்பிவிட்டாள். இயந்திரம் நின்றுபோனால் எங்கே நின்றது என்று தேடலாம். ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்க்கலாம். இதில் கழற்ற ஒன்றுமில்லை. மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து நடந்தாள். போனில் அப்பாவின் இலக்கத்தைத் தட்டிவிட்டு, ஒலிக்கும் முன் துண்டித்தாள்.

இரண்டு வாரம் கழித்து அப்பாவின் உடுப்புகளை எடுக்க வந்தபோது கதவில் புதுப் பூட்டு தொங்கியது. அவளிடம் இருந்த சாவியால் ஆகக் கூடியது ஒன்றுமில்லை. ஏழு பேர்ச்சஸ் காணி. அதில் அப்பா கட்டிய இரண்டு அறை வீடு. அவர் விட்டுப்போனது அவ்வளவுதான். தம்பி சுகந்தனுக்குப் போன் எடுத்தாள். அவன் எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா வேலி ஓரமாக வந்தாள்.

"ஒனக்குத் தெரியாதா பாப்பா? அப்பா செத்த அன்னிக்கே பூட்டு மாறிருச்சு. அப்பாவோட காணி ஃபைலையும் தம்பிதான் கையில எடுத்துக்கிட்டுத் திரியுது. நான் ஒண்ணும் சொல்லலப்பா. நமக்கு எதுக்கு?"

சொல்லிவிட்டு, மறுநாள் அவளே ஒரு படமும் அனுப்பினாள். அப்பாவின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையிலிருந்த கொப்பியாம். தம்பியிடம் கொடுக்கும் முன் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து வைத்தாளாம். படம் பாதி மங்கல். ஒரு வரி மட்டும் தெளிவாக இருந்தது. அப்பாவின் சாய்ந்த கையெழுத்து: வீடு – சுகந்தன் பேர்.

அனுஷ்கா அந்த வரியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சிறிதாக்கிப் பார்த்தாள். அப்பாவே எழுதிக் கொடுத்துவிட்டாரா, அல்லது எழுத வைத்தானா? வீடு அவனுக்கே போகட்டும், கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். கேட்கவில்லையே என்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அன்றிரவே பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம் தட்டினாள். காணியின் பெயர் மாற்றத்தை நிறுத்தி வைக்க வேண்டும், தன் சகோதரனை விசாரிக்க வேண்டும். எட்டே வரி. இரண்டு பிரதி எடுத்து உறையில் போட்டாள்.

நாற்பதாம் நாள் பூசைக்கு முதல் நாள் அவள் அட்டனில் இறங்கினாள். முதலில் தம்பியின் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட வேண்டும், பிறகு கடிதம். சுகந்தன் வேலை செய்யும் ஹார்ட்வெயார் கடையில் முதலாளி மஃறூப் மட்டும் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"தம்பிய தேடியா வந்தீங்க தங்கச்சி? காணி விசயமா டீஎஸ் ஆபீசுக்குப் போயிட்டாரு. இது மூணாந்தரம். நானும் லீவு குடுத்துக் குடுத்து, இனி கடைய அவருக்கிட்ட குடுத்திட்டு நான் லீவுல போகணும்."

அவர் சிரித்தார். அனுஷ்கா சிரிக்கவில்லை. தேத்தண்ணீர் குடிக்கச் சொன்னதும் காதில் விழவில்லை. பிரதேச செயலகத்துக்கு நடந்தாளா ஓடினாளா என்று அவளுக்கே தெரியாது.

சுகந்தன் வாசல் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தான். மடியில் அப்பாவின் நீல ஃபைல்.

"அக்கா? நீ எங்க இங்க?"

"பூட்டு எதுக்குடா மாத்துன?"

"பழசு ஒடஞ்சிருச்சு."

"எப்படி ஒடஞ்சிச்சு?"

"நான்தான் ஒடச்சேன்." அவன் ஃபைலைப் பார்த்தபடி சொன்னான். "உள்ளுக்குப் பூட்டிட்டுப் படுத்திருந்தாரு. கூப்புட்டேன், சத்தமில்ல. சன்னல்ல தட்டுனேன். அப்புறம் கடப்பாறைய எடுத்து..." கையால் ஒரு நெம்பு நெம்பிக் காட்டினான். பாதியில் கை இறங்கிவிட்டது.

அப்பா இறந்து முப்பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அவரை யார் முதலில் பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள் என்று அவள் ஒரு தடவையும் கேட்டிருக்கவில்லை.

ஆனாலும் வந்த கோபம் உடனே போய்விடவில்லை. போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அப்ப இது என்னா?"

அவன் வாசித்தான். திரும்பவும் வாசித்தான். பிறகு வாங்கில் இருந்த ஆட்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டான்.

"ஏன்க்கா, கண்டியில போயிப் பேருன்னா என்னான்னே மறந்துட்டியா? நீ கங்காணி மகதானே?"

சட்டைப் பையிலிருந்து கொப்பியை எடுத்துக் கொடுத்தான். அவள் பக்கத்தைப் புரட்டினாள். வரிக்கு வரி அதே சாய்ந்த எழுத்து.

வீடு, கூரைத் தகரம் – சுகந்தன் பேர்.
வீடு, பின் சுவர் – சுகந்தன் பேர்.
வீடு – சுகந்தன் பேர்.
வீடு, சுவர் பூச்சு – சுகந்தன் அரைப் பேர். மழை.
குழாய் – அனுஷ்கா அரைப் பேர்.

தோட்டத்தில் ஒரு நாள் முழுக்க வேலை செய்தவருக்குப் போடுவது பேர். பாதி நாளுக்கு அரைப் பேர். வெயிலானாலும் மழையானாலும் கங்காணி வாயிலிருந்து அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சனம் மலையில் நிற்கும். அப்பா தன் வீட்டு வேலைக்கும், தன் சொந்தப் பிள்ளைகளுக்கும் அதையே போட்டிருந்தார். அம்மா மரியநாயகி இருந்த காலத்தில், மாவு இடிக்க வந்த மச்சினிச்சிமாருக்கும் பேர் போட்டார் என்று வீட்டில் ஒரு பகிடி உண்டு. இத்தனையும் தெரிந்த அவள், ஒரு வரியைப் பார்த்ததும் தம்பியைக் கள்ளனாக்கிவிட்டாள்.

"எனக்கு அரைப் பேராடா?"

"பதினொன்றரைக்கு பஸ் ஏறுனா அரைப் பேருதான். அப்பா ஆளு பாத்துப் போடுவாரா?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். "சரி. ஃபைல எதுக்குத் தூக்கிக்கிட்டு அலையிற? என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பத்துக் கேள்வி கேப்ப. ஒண்ணுக்கும் எனக்குப் பதில் தெரியாது." அவன் ஃபைலைத் திறந்தான். "இந்தா, நீயே பாரு."

காணிப் பத்திரத்தில் ஆண்டியப்பன் என்றிருந்தது.

"இது யாரு?"

"அப்பாதான். அம்மாவக் கட்டுறதுக்கு ஞானஸ்நானம் எடுத்தப்பதானே அமிர்தநாதன். தோட்டத்துப் புத்தகத்துல பழைய பேரே கெடந்திருக்கு. காணியும் அதே பேருல வந்திருச்சு. அடையாள அட்டையில வேற பேரு. ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு காட்டாட்டி, நம்ம ரெண்டு பேருக்கும் எழுத முடியாதாம்."

"நம்ம ரெண்டு பேருக்குமா?"

"பின்ன? அப்பா அப்படித்தான் விண்ணப்பம் குடுத்திருக்காரு." அவன் அவள் கைப்பையைப் பார்த்தான். வெள்ளை உறையின் நுனி வெளியே தெரிந்தது. "அது என்னா கடுதாசி?"

"ஆஸ்பத்திரி வேல," என்று அவள் அதை உள்ளே தள்ளினாள்.

அந்த நேரம் சுகந்தனை உள்ளே கூப்பிட்டார்கள். இருவரும் போனார்கள். அதிகாரி பொறுமையாகச் சிங்களத்தில் சொன்னார், போன தடவையும் இதையேதான் சொன்னேன் தம்பி என்று. ஞானஸ்நானம் கொடுத்த கோயிலிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். அது இல்லாமல் ஒன்றும் நகராது.

வெளியே வந்ததும் அனுஷ்கா கேட்டாள். "எந்தக் கோயிலு?"

"கொத்மலைப் பக்கம். தலவாக்கலையில எறங்கி வேற பஸ் புடிக்கணும். அங்கதான் அவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணமும் நடந்திச்சு."

"நீ போயி வாங்கியிருக்கலாமே?"

"அப்பா விடல. நானே போறேன்னாரு. மார்கழியிலருந்து சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஒருக்கா நான் கொஞ்சம் கத்திட்டேன். அம்மா இல்லாம எப்படிடா அந்தப் படியேறுறதுன்னு கேட்டாரு. அதுக்கப்புறம் நான் பேச்செடுக்கல. அவரு போனப்புறம் எனக்கும் அங்க போக மனசு வரல."

ஆண்டியப்பனும் அமிர்தநாதனும் ஒருவரே என்று ஒரே ஒரு வரி, கோயில் முத்திரையோடு. இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று அவர் ஆறு மாதம் தள்ளிப் போட்டார். போகவே இல்லை.