ஒற்றைக் காலில் ரைட் சார்

லிஃப்ட் பொத்தானை மூன்று முறை அமுக்கிவிட்டு, அது வருவதற்குள் ரைட் சார் படியேறிப் போய்விடுவார். காலி லிஃப்ட் கீழே வந்து, கதவைத் திறந்து, யாரையும் காணாமல் மூடிக்கொள்ளும். அவர் வீடு நான்காவது மாடி, என் வீடு மூன்றாவது. அதனால் இந்தக் காட்சியை நான் வாரத்தில் நான்கு நாளாவது பார்க்கிறேன். படியில்தான் போவதென்றால் பொத்தானை ஏன் அமுக்க வேண்டும் என்று ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "கூப்பிட்டுப் பாப்பேன். வரலைன்னா நான் என்ன பண்றது?" என்று இரண்டு படி தாண்டி நின்று சொல்லிவிட்டுப் போனார்.

பேருந்து நிலையத்தில் அவர் நேரக்காப்பாளர். கண்ணாடிக் கூண்டு, மைக், விசில், வண்டிகளின் நேரம் எழுதும் தாள். முப்பத்தொரு வருடமாக இவைதான் அவருக்கு உலகம். கூண்டில் நாற்காலியும் உண்டு. அதில் அவருடைய பை உட்கார்ந்திருக்கும். இடது பாக்கெட்டில் ஒன்பது சாவிகள் கொண்ட கொத்து. மனிதர் ஓரிடத்தில் நிற்காததால் கொத்தும் ஓயாது. அந்தச் சத்தம் கேட்டால் டிரைவர்கள் பாதி டீயோடு எழுந்துவிடுவார்கள் என்று சொல்கிறார்கள். எதை முடித்தாலும் "ரைட்" என்பார். சாப்பிட்டுக் கை கழுவினாலும் ரைட், துக்க வீட்டில் ஆறுதல் சொல்லிவிட்டு எழுந்தாலும் ரைட். எங்கள் குடியிருப்பில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

அவர் மனைவி நூலகத்தில் வேலை பார்ப்பவர். ஒரு புத்தகத்தை அலமாரியில் வைப்பதற்கு முன் உள்ளங்கையால் ஒருமுறை துடைப்பவர். இந்த இருவரும் இத்தனை வருடம் எப்படி ஒரே வீட்டில் ஓட்டினார்கள் என்பது எங்களுக்கெல்லாம் புதிர். கல்யாணமான புதிதில் அந்த அம்மா பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்திருக்கிறார். பத்தடி தூரம்தான். "அந்த மனுஷன் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே விசில் ஊதுனாரு" என்று இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்வார். ரைட் சாருக்கு அதில் வருத்தம் கிடையாது. உள்ளே நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது ஒருத்திக்காக வண்டியை நிறுத்த முடியுமா என்று நம்மையே திருப்பிக் கேட்பார்.

எட்டு மாதம் முன்பு அந்த அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை நடந்து, எலும்பு ஒழுங்காகக் கூடியது. பயம்தான் கூடவே தங்கிவிட்டது. சுவர், மேசை, நாற்காலி முதுகு என்று எதையாவது பிடித்துக்கொண்டால்தான் கால் பாவும். விடுப்பு அடுத்த திங்களோடு முடிகிறது. "ரெண்டு கையிலயும் புஸ்தகம் இருந்தா எதப் புடிச்சுக்கறது?" என்று என் மனைவியிடம் கேட்டிருக்கிறார். பிடிக்காமல் நிற்க வரவில்லையென்றால் வேலையை எழுதிக் கொடுத்துவிடுவதென்று முடிவும் செய்துவிட்டார்.

மருத்துவர் சொன்னதன் பேரில்தான் தாய்ச்சி வகுப்பு. சுகாதார மையத்தின் முதல் மாடி ஹாலில் மூன்று பேட்ச். கழுத்துவலிக்காக நானும் அதில் ஒருவன். முதலில் சீகோங் மூச்சுப் பயிற்சி, பிறகு மெதுவாக, மிக மெதுவாக, கை கால்களை நகர்த்தும் தாய்ச்சி. பயிற்சியின் பாதியில் எல்லோரும் அப்படியே பின்புறம் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகு ஆசிரியை நம் முதுகுக்குப் பின்னால் போய்விடுவார். ஹாலின் பின்சுவர் முழுக்கக் கண்ணாடி என்பதால் கவலையில்லை, அதில் அவரைப் பார்த்துச் செய்வோம்.

துணைக்கு வந்த ரைட் சாரையும் ஆசிரியை வரிசையில் நிறுத்திவிட்டார். பாவம், அவரை இப்படியா தண்டிப்பது. பதினைந்து நிமிடப் பயிற்சியை அவர் ஒன்பதே நிமிடத்தில் முடித்துவிட்டு "ரைட்" என்பார். நாங்கள் அப்போதுதான் மேகம் போலக் கையை நகர்த்திக்கொண்டிருப்போம். கடைசி வரிசையில் பிடித்துக்கொள்ள நாற்காலி வைத்திருப்பவர்கள் நிற்பார்கள். அந்த அம்மாவும் அங்கேதான். அவருக்கு நேர் முன்னால் இவர், இவருக்கு முன்னால் நான். சாவிச் சத்தம் என் பிடரியில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

மூன்று வாரம் முன்பு ஒரு காலைத் தூக்கி நிற்கும் கட்டம் வந்தது. சேவல் நிற்பது என்று அதற்குப் பெயர். இவர் தூக்கிய வேகத்தில் இறக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். பின்னால் நாற்காலி தடதடவென்று இழுபடும் சத்தம். நல்லவேளை, அந்த அம்மா அதன் மேலேயே சாய்ந்துவிட்டார். அடி ஒன்றுமில்லை. மூச்சு வாங்கி முடித்த பிறகு அவர் சொன்னது இதுதான்: "உங்க சாவிச் சத்தம் கேட்டா என் கால் தானா ஓடுதுங்க. நான் என்ன பண்ணட்டும்."

அன்றைக்கு ரைட் சார் "ரைட்" சொல்லவில்லை. மறுநாளிலிருந்து சாவிக்கொத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வகுப்புக்கு வந்தார். ஆனாலும் அவர் கால் கேட்கவில்லை, முன்னால் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வருடத்துக்கு ஒருமுறை தாய்ச்சிக்கும் சீகோங்குக்குமான நாள் என்று உலகம் முழுக்கக் கொண்டாடுகிறார்கள். அந்தந்த ஊர் நேரப்படி காலை பத்து மணிக்கு எல்லோரும் பொது இடத்தில் கூடிச் செய்வது வழக்கம். இந்தக் கலையில் ரைட் சாருக்குப் பிடித்த ஒரே சங்கதி இதுதான். "ஊர் ஊருக்குப் பத்து மணி டிரிப்பு" என்று வாய்நிறையச் சொன்னார். காலை ஷிஃப்டைப் பாதியில் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, நிலையத்திலிருந்து நேராக மைதானத்துக்கு வந்துவிட்டார். வந்த அவசரத்தில் சாவிக்கொத்தும் பாக்கெட்டில் கூடவே வந்துவிட்டது.

மூன்று பேட்சும் சேர்ந்து தொண்ணூறு பேர். எல்லோரும் வெள்ளைச் சட்டை. சுகாதார அதிகாரி ஒருவர் மைக்கைப் பிடித்து, உடல்நலத்தின் அருமையை விளக்க ஆரம்பித்தார். பத்து மணி ஆனது. பத்து இரண்டு. ரைட் சார் கையை உயர்த்தி, வண்டியை எடுக்கச் சொல்லும் பாவனையில் விரலைச் சுழற்றினார். அதிகாரி அதை உற்சாகமென்று எடுத்துக்கொண்டு இன்னும் நான்கு நிமிடம் பேசினார்.

இதற்கிடையில் பின்னால் ஒரு சிறு தகராறு. அந்த அம்மா தன் நாற்காலியைத் தூக்கி, கை எட்டாத தூரத்தில் ஓரமாக வைத்துவிட்டார். ரைட் சார் கொண்டுவந்து போட்டார். அவர் மறுபடி எடுத்து வைத்தார். "திங்கக்கெழம எவன் எனக்கு நாற்காலி தூக்கிட்டு வருவான்? இன்னிக்குத் தெரிஞ்சிரட்டும்." தணிந்த குரல்தான், ஆனால் அதற்கு மேல் பேச இடமில்லை. ரைட் சார் தன் இடத்துக்கு வந்தார். சாவி கிலுகிலுவென்றது.

முதல் பாதி எப்படியோ போனது. இவர் முந்தினார், நின்றார், மறுபடி முந்தினார். பிறகு அந்தத் திருப்பம் வந்தது. தொண்ணூறு பேரும் ஒன்றாகப் பின்புறம் திரும்பினோம். திரும்பிய பிறகுதான் உறைத்தது, மைதானத்தில் கண்ணாடி கிடையாது. மூன்று பேட்சுக்கும் சொல்லிக்கொடுத்த ஆசிரியை உட்பட ஒருவருக்கும் இது தோன்றவில்லை. ஆசிரியை தொண்ணூறு முதுகுகளுக்குப் பின்னால் இருந்தார். எங்களுக்கு முன்னால் இருந்தது சுற்றுச்சுவர், அதற்கு அப்பால் பேருந்து ஓடும் சாலை. கடைசி வரிசை முதல் வரிசையாகிவிட்டது. அதில் நாற்காலிக்காரர்கள் எல்லோரும் திகைத்துப்போய் நடுவில் நின்ற அந்த அம்மாவைப் பார்த்தார்கள். எங்கள் எல்லோருக்கும் பார்த்துச் செய்ய அவர் ஒருவர்தான் மிச்சம்.

இப்போது ரைட் சார் எனக்கு முன்னால், அவருக்கு முன்னால் அவர் மனைவி. முன்னே போய் நின்றுவிடத்தான் அவருக்கு முதலில் தோன்றியிருக்கும். வலது குதிகால் உயர்ந்ததை நான் பார்த்தேன். அது அங்கேயே சற்று நின்று, பழையபடி புல்லில் இறங்கியது.

அந்த அம்மா ஆரம்பித்தார். புத்தகத்தைத் துடைத்து வைக்கும் அதே வேகம். அவர் கை எழுந்தபோது தொண்ணூறு பேர் கையும் எழுந்தது. அவர் நின்ற இடத்தில் எல்லோரும் நின்றோம். தனக்குப் பின்னால் இப்படி ஒரு கூட்டம் தன்னைப் பார்த்துச் செய்வது அவருக்குத் தெரியாது. அவர் தன் பாதங்களிலேயே குறியாக இருந்தார்.

சேவல் கட்டம் வந்தது. இடது கையும் இடது முழங்காலும் சேர்ந்து மேலே போக வேண்டும். அந்த அம்மாவின் பாதம் தரையைவிட்டு ஒரு சாண் எழுந்தது. நாற்காலி அந்தப் பக்கம் கிடக்கிறது, கை எட்டாது. உடம்பு ஒருமுறை வலப்புறம் சாய்ந்து, பிறகு நேராகி, நின்றது. இறக்குவார் என்று பார்த்தோம். இறக்கவில்லை. என்னால் முடியவில்லை, காலை வைத்துவிட்டேன். எனக்குப் பின்னாலும் ஒவ்வொருவராக வைக்கும் சத்தம் கேட்டது. சுவருக்கு அப்பால் ஒரு பேருந்து இரண்டு முறை ஹாரன் அடித்தது. ரைட் சார் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் கால் நடுங்க ஆரம்பித்தது. சாவிகள் லேசாகக் கிலுங்கின. மேலே உயர்ந்திருந்த இடது கையைச் சட்டென்று கீழே கொண்டுவந்து பாக்கெட்டோடு சேர்த்துச் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்தார். சத்தம் நின்றது. அப்படியே, ஒற்றைக் காலில், பாக்கெட்டை அமுக்கியபடி, முன்னால் அந்த அம்மாவின் பாதம் புல்லைத் தொடும் வரைக்கும் அவர் தன் காலை இறக்கவே இல்லை.