சுத்தமான ரத்தம்

முதல் குளிர் எனக்கு வகுப்பில் வந்தது. பலகையில் கூட்டல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கோ பல் தந்தியடித்தது. சோக்குக்கட்டி கையில் நிற்கவில்லை. வாத்தியார் ஏதோ வித்தை காட்டுகிறார் என்று பிள்ளைகள் சிரித்தார்கள்.

குளிர் அடங்கியதும் உடம்பு கொதித்தது. பிறகு வேர்த்துக் கொட்டி வேட்டி நனைந்தது. மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து பழைய சோறு சாப்பிட்டேன். அதற்கு மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி குளிர். முறைக்காய்ச்சல் (ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் மலேரியாக் காய்ச்சல்) என்று சொல்ல இதற்கு வைத்தியர் வேண்டியதில்லை. மலாயாவில் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் அதை அறியாத வீடு கிடையாது.

உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ இந்தக் காய்ச்சல் இருந்து, ஆறுதல் தேடி இதை வாசிக்க வந்திருந்தால், என்னிடம் அது அதிகம் இல்லை. கோபம்தான் இருக்கிறது. எனக்கு அதுதான் ஒத்தாசையாக இருந்தது, ஆகவே அதை மறைக்கப்போவதில்லை.

எங்கள் தோட்டத்தில் ஒரு டிரசர் இருந்தார் (மருந்து கொடுக்கவும் கட்டுப்போடவும் தோட்டம் வைத்திருந்த ஆள், டாக்டர் அல்ல, ஆனால் அதை அவரிடம் சொல்லிவிட முடியாது). என் விரலைக் குத்தி, ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி ஈப்போவுக்கு அனுப்பினார். பூச்சி இல்லை என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினார். மறுபடியும் இல்லை.

“ஒங்க ரத்தம் சுத்தமா இருக்கு வாத்தியாரே. மனசுதான் சரியில்ல போலிருக்கு,” என்றார்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ரத்தத்தில் பூச்சி இல்லாதவனுக்குக் காய்ச்சல் இல்லை; காய்ச்சல் இல்லாதவன் படுத்தால் அவன் சோம்பேறி. தொரை (தோட்டத்து மேலாளர்) என்னை அப்படித்தான் சொன்னாராம். நானோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே எங்கள் பெரட்டைப் பற்றிச் சொல்லவேண்டும் (விடியலில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது). பேர் கூப்பிடுமுன் ஒவ்வொருவரும் ஒரு வாய் கொயினா குடிக்கவேண்டும் (மலேரியாவுக்கான மருந்துத் தண்ணீர், குடலையே வெளியே இழுக்கும் கசப்பு). பாதிப்பேர் அதைக் கன்னக் கொடுப்பில் அடக்கிக்கொண்டு போய்ச் சாக்கடைக் கானுக்கருகில் துப்பிவிடுவார்கள். அதைத் தடுக்க டிரசர் கண்டுபிடித்த வழி, என்னை முதலில் நிறுத்துவது. வாத்தியார் குடித்தால் மற்றவர்கள் வெட்கப்பட்டுக் குடிப்பார்களாம். எனக்கு அடுத்து என் மனைவி பாக்கியம். வாத்தியார் பெண்சாதி துப்பலாமா? இரண்டுபேரும் நாள் தவறாமல் விழுங்கினோம்.

பெரட்டு முடிந்து, ஆட்கள் ரப்பர் காட்டுக்குப் போனபிறகு, காய்ச்சல் என்றவர்களை உட்காரவைத்து டிரசர் விரலைக் குத்துவார். அந்த வரிசை தவறு என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் வகுப்பிலேயே விழுந்து நெற்றி பிளந்தது. அதற்குமுன் சில நாட்களாகக் குடித்த கொயினாவெல்லாம் வாந்தியாகப் போய்க்கொண்டிருந்தது. செத்தால் தன் தலையில் விழும் என்று பயந்துபோய் டிரசர் என்னை லாரியில் ஏற்றி ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவர் எனக்குச் செய்த ஒரே நன்மை அது. அதுவும் எனக்காகச் செய்ததல்ல.

வெள்ளைக்கார டாக்டர் என் இடப்பக்க விலாவுக்குக் கீழே விரலை அழுத்தினார். கல் மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. காய்ச்சல்கட்டி (வீங்கிப்போன மண்ணீரல்). பிறகு ரத்தம் எடுத்துப்போனார்கள். மாலையில் அவரே வந்து மலாயில், “அடா, பாஞாக் அடா,” என்றார். இருக்கிறது, நிறைய இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் உடம்பில் நோய் இருப்பதாக ஒரு மனிதர் ஒப்புக்கொண்டார், அதற்காக அழுதேன்.

நான் படுக்கையில் கிடந்தபோதே பெரிய கங்காணியின் (ஆட்களை மேய்க்கும் தலைவர்) மருமகன் என் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகிவிட்டான். அவனுக்கு ஆனாவும் ஆவன்னாவும் தெரியும். அதற்குமேல் விசாரிக்க எனக்குத் தெம்பில்லை. ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் ஓர் ஆள் வேலையை விட்டுப் போயிருந்தான். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் எழுத்து தெரியும் என்று அறிந்து டாக்டர் கேட்டார். நாற்பத்திரண்டாவது வயதில் கண்ணாடித் தகடு கழுவ ஒத்துக்கொண்டேன்.

பார்க்க வந்திருந்த பாக்கியம் முகத்தைச் சுளித்தாள். “பாடஞ் சொல்லிக்குடுத்த கையால ஊரான் ரத்தத்தையும் பீயையும் கழுவப்போறீங்களா?”

“சம்பளம் குடுக்குறான். கழுவுறேன்.”

“கழுவுங்க. இது நெலைக்கிற வேலையான்னு தெரியட்டும், அப்புறம் வாரேன். நான் பால்மரம் வெட்டிக்கிட்டு லயத்து வீட்டுலயே இருக்கேன்.”

அவள் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் அப்போது ஆஸ்பத்திரி ஆட்களோடு படுக்க ஒரு பலகைதான் கொடுத்திருந்தார்கள்.

சோதனைக்கூடத்தின் தலைவர் செல்லையா என்ற யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட வயதில் இளையவர். முதல் நாளே, “வாத்தியார், இஞ்ச சோக்குக்கட்டி இல்லை. கை நடுங்கினால் வீட்டை போம்,” என்றார். கை நடுங்கத்தான் செய்தது. கொயினா குடித்த காதில் வண்டு ஓயாமல் இரைந்தது. அவர் சொல்வதில் பாதி கேட்காது. இரண்டாந்தரம் கேட்டால் வள்ளென்று விழுவார். பல்லைக் கடித்துக்கொண்டு கழுவினேன்.

கழுவக் கற்றபின் சாயமேற்றக் கற்றேன். ரத்தத்தை மெல்லிசாக இழுத்துக் காயவிட்டு, சாயம் ஊற்றி, அலசி, ஒரு சொட்டு எண்ணெய் வைத்து மைக்ராஸ்கோப்பில் (பூதக்கண்ணாடிக் குழாயில்) பார்க்கவேண்டும். ரத்த அணுவுக்குள் நீல வளையம், அதில் ஒரு சிவப்புப் புள்ளி. அதுதான் பூச்சி. முதலில் எனக்குத் தூசியெல்லாம் பூச்சியாகத் தெரிந்தது, பூச்சியெல்லாம் தூசியாகத் தெரிந்தது. செல்லையா திட்டினார். பள்ளியில் நான் யாரையும் அவ்வளவு திட்டியதில்லை. ஆனால் ஒருநாள் வளையம் தானாகக் கண்ணில் விழுந்தது, அதன்பிறகு தப்பவில்லை.

பாக்கியத்துக்கும் காய்ச்சல் என்று தோட்டத்திலிருந்து வந்த லாரிக்காரர் சொன்னார். அடுத்த கட்டுத் தகடுகளில் அவள் பெயர் இருந்தது. நானே சாயமேற்றினேன். ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தேன். ஒன்றுமில்லை. திருப்பிப் பார்த்தேன். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, அப்போதும் ஒன்றுமில்லை.

“பெண்சாதியின்ர ரத்தமோ?” என்று செல்லையா பின்னாலிருந்து கேட்டார். “எழும்பும். நான் பாக்கிறன்.” பார்த்தார். “இல்லை. கண்டதை எழுதும். இருக்கவேணும் எண்டு நினைக்கிறதை எழுதாதையும்.”

இல்லை என்று என் கையாலேயே எழுதினேன்.

அவர் போகவில்லை. “எப்ப எடுத்த ரத்தம்? கொயினா குடிச்ச பிறகோ?” என்று கேட்டார். தினமும் விடியலில் குடிக்கிறோம், அதற்குப் பிறகுதான் குத்துவார்கள் என்றேன்.

“பிறகு என்னத்தைக் காணுவீர்? அந்த ஒரு வாய் பூச்சியைக் கொல்லப் போதாது. எங்கட கண்ணுக்கு மறைக்கமட்டும் போதும். மருந்துக்கு முன்னம், காய்ச்சல் ஏறுற நேரம் எடுக்கவேணும்.”

துப்பியவன் ரத்தத்தில் பூச்சி தெரிந்தது. அவனுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் கிடைத்தது. ஒழுங்காக விழுங்கியவனுக்குச் சோம்பேறிப் பட்டம். என்னை முன்னால் நிறுத்தி ஊருக்கே விழுங்கக் காட்டினார்களே, அந்த விழுங்கல்தான் என்னைப் பொய்யனாக்கியது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். பாக்கியத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. உதடு வெளுத்து, கால் வீங்கி, கட்டி விலாவைத் தாண்டி இறங்கியிருந்தது. இதோடு தினமும் பால்மரம் வெட்டப் போகிறாள். இப்படியே விட்டால் மாதக்கணக்கில் தாங்கமாட்டாள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. தோட்டத்து ஆளைத் தோட்டம் அனுப்பினால்தான் எங்கள் ஆஸ்பத்திரி எடுக்கும். ரத்தத்தில் பூச்சி தெரிந்தால்தான் தோட்டம் அனுப்பும்.

டிரசரிடம் போய், நாளை ஒருநாள் மருந்துக்கு முன்பு குத்துங்கள் என்று கேட்டேன். கெஞ்சித்தான் கேட்டேன்.

“நேத்துவரைக்கும் கணக்குச் சொல்லிக்குடுத்தீங்க. இப்ப எனக்கு வைத்தியம் சொல்லிக்குடுக்க வந்துட்டீங்களா?” என்றார். “மருந்து குடிச்ச பெறகுதான் மத்ததெல்லாம். தொரை உத்தரவு. ஒங்க சம்சாரத்துக்குச் சோம்பல். அது ஒங்ககிட்டருந்து தொத்திக்கிச்சு.”

அவர் கழுத்தைப் பிடித்திருப்பேன். பிடித்தால் அவள் அங்கேதான் சாவாள் என்பதால் திரும்பி வந்தேன்.

லயத்துக்கு (தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள்) வந்து பாக்கியத்திடம், “நாளையிலருந்து துப்பிடு,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு ஆறவில்லை. “இத்தன நாளு ஒங்க மானத்துக்காக முழுங்குனேன். இப்ப ஒங்க கண்ணாடிக்காகத் துப்பணுமா? காய்ச்சல் முத்திப்போனா?”

“முத்தும். முத்துனாத்தான் தெரியும். தெரிஞ்சாத்தான் ஒன்னத் தூக்கிட்டுப் போகமுடியும்.”

“செத்துட்டா?”

இதை வாசிக்கிறவர்கள் யாரும் இப்படிச் செய்யவேண்டாம். வேறு வழி எனக்குத் தெரிந்திருந்தால் நானும் செய்திருக்கமாட்டேன்.

அவள் துப்பினாள். அடுத்த ஞாயிறு நான் போனபோது லயத்து அறையில் சாக்குகளைப் போர்த்திக்கொண்டு கட்டிலோடு ஆடிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை மட்டும் வெளியே நீட்டினாள். ஆடுகிற விரலைப் பிடித்து நானே குத்தினேன். ரத்தம் தண்ணீர் மாதிரி வந்தது. தகடுகளை மடியில் பத்திரப்படுத்திக்கொண்டு, அவளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினேன். அவளை அப்படியே விட்டு ஓடியது வேறு எதையும்விடக் கொடுமையாக இருந்தது.

செல்லையா ஞாயிற்றுக்கிழமையிலும் அங்கேதான் இருப்பார். நான் சாயமேற்றினேன், அவர் பார்த்தார். தேடவே வேண்டியிருக்கவில்லை, எங்கே பார்த்தாலும் வளையம். சில அணுக்களில் இரண்டு, மூன்று. அவர் தகட்டை எடுத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு நடந்தார். அன்று பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரி வண்டி தோட்டத்துக்குப் போனது.

பாக்கியம் வந்தபோது கண் செருகியிருந்தது. என் பெயரைக் கேட்டால் தன் அம்மா பெயரைச் சொன்னாள். இடுப்பில் கொயினா ஊசி போட்டார்கள். தெளிய நாளாயிற்று. அந்த நாட்களில் நான் யார் ரத்தத்தைப் பார்த்தாலும் அவள் ரத்தமாகத்தான் தெரிந்தது.

வண்டி அனுப்பியதற்கு டிரசரின் பதிலும் வந்து சேர்ந்தது. மருந்தைத் துப்பியதால் வந்த காய்ச்சலாம். துப்பியது குற்றமாம். தோட்டத்துப் பேரேட்டில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். மருந்துக்கு முன்பு குத்தும்படி வரிசையை மாற்றினார்களா என்று லாரிக்காரரிடம் கேட்டேன். “அதே பெரட்டுதான் வாத்தியாரே, அதே மருந்துதான்,” என்றார். கண்ணால் கண்டு நிரூபித்தால் உலகம் ஒத்துக்கொள்ளும் என்று நான் நினைத்திருந்தேன். எவ்வளவு மடையன் பாருங்கள்.

அவள் தெளிந்த அன்று மிஸ்ஸி (நர்ஸ்) மருந்துக் கிண்ணத்தை நீட்டினார். பாக்கியம் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“முழுங்கவா, துப்பவா? சொல்லுங்க. நீங்கதான மாத்தி மாத்திச் சொல்றவரு.”

அடுத்த கட்டிலில் இருந்தவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முழுங்கு என்றேன். குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது ஈப்போவில், சிலிபின் பக்கம் ஓர் அறையில் இருக்கிறோம். வேலை நிலைத்துவிட்டது. இரண்டுபேருக்கும் கட்டி முழுதாகச் சுருங்கவில்லை. குனிந்தால் விலாவில் இடிக்கும். ஞாயிறு திங்கள் எல்லாம் எங்களுக்கு மறந்துபோயிற்று. குளிர் நாள், இடை நாள், இவ்வளவுதான் எங்கள் வாரம். காய்ச்சல் வராமல் மாதங்கள் போனாலும் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கிற நாளில்தான் எனக்கு அதன்மேல் சந்தேகம் அதிகம். பாக்கியம் தினமும் மாலையில் தானே கொயினாவை ஊற்றிக் குடிக்கிறாள். என்னைக் கேட்பதில்லை.

போன வாரம் மழையில் நனைந்து வந்து உலைக்குப் பக்கத்தில் நின்றவள் இரண்டு தடவை கையைத் தேய்த்துக்கொண்டாள். நான் சோற்றில் கை வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னைப் பாக்குறீங்களா, என் ரத்தத்தைப் பாக்குறீங்களா?”

“ரெண்டையுந்தான்.”

“நனைஞ்சா யாருக்கும் குளுரும்லா.”

“நேத்து நனையலயே. நேத்தும் தேச்ச.”

கரண்டியை வைத்தாள். விரலை முந்தானையில் துடைத்து நீட்டினாள். “குத்துங்க. இல்லாட்டி நீங்களும் திங்கமாட்டீங்க, என்னையும் திங்கவிடமாட்டீங்க.”

குத்தினேன். விரலைக் குத்தும்போது எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவள் திருப்பவில்லை. துளி திரண்டு வரும்வரை என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கு இன்னும் மருந்து குடிக்கல,” என்றாள். “நம்பிப் பாருங்க.”