ஐந்து சிறார்களும் ஒரு காலி இருக்கையும்

என் பேத்தி படிக்கும் சித்திரக்கதை வரிசையில் இதுவரை ஐந்து நூல்கள் வந்திருக்கின்றன. ஐந்தையும் கையில் பென்சிலோடு படித்தேன். ஆய்வேடுகளைத் திருத்தியே பணிக்காலத்தைக் கழித்தவனுக்கு வேறு விதமாகப் படிக்க வராது. ஆனால் அந்த வாசிப்பில் அச்சமும் கலந்திருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பத்து வயதைத் தாண்டாத ஐந்து சிறார்கள் ஒரு நகரத்தைக் காக்கிறார்கள். ஒருவனுக்குச் சுவருக்கு அப்பால் பேசுவது கேட்கும். ஒருத்தி பாய்ந்துவரும் நீரைக் கைநீட்டி நிறுத்துவாள். படங்கள் நேர்த்தியானவை, மழை ஓய்ந்த தெருவில் தேங்கிய நீருக்கு என்ன நிறம் என்பதை ஓவியர் அறிந்திருக்கிறார். குறை கதையில்தான். அந்த நகரத்தில் பெரியவர்கள் எந்த வேலையும் செய்வதில்லை. அணை உடையும்போது பொறியாளர்கள் சன்னலருகே நின்று பார்க்கிறார்கள்; குழந்தைகள் போகிறார்கள். அவர்கள் சாப்பிட்டார்களா, பள்ளிக்கு விடுப்புக் கடிதம் யார் கொடுத்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. இதை மூன்று பக்கங்களின் ஓரத்தில் குறித்தேன்.

என்னை அஞ்சவைத்தது வேறொன்று. மூன்றாம் நூலின் முடிவில், நீரை நிறுத்தும் சிறுமி இறந்துபோகிறாள். மற்ற நால்வரும் தங்கள் வட்ட மேசையில் அவளுடைய இருக்கையை எவருக்கும் தராமல் காலியாக வைத்திருக்கிறார்கள். அந்த விசுவாசத்துக்குப் பரிசாக நான்காம் நூலில் அவள் திரும்பி வந்து அதே இருக்கையில் அமர்கிறாள். எப்படி வந்தாள் என்பதற்கு விளக்கமில்லை.

என் மகள் இறந்து அப்போது பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. கே.கே. நகர் வீட்டில் நானும் அவள் பெற்ற பெண்ணும்தான். மருமகனுக்கு ஓசூரில் வேலை. வாரக் கடைசியில் வந்துபோவார். உணவு மேசையில் என் மகள் வழக்கமாக அமரும் நாற்காலியில், அவள் போன பிறகு நான் அமரத் தொடங்கியிருந்தேன். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் பேத்தி தன் பள்ளிப் பையை அதில் வைத்தாள். "தாத்தா, நீங்க இந்தப் பக்கம் வாங்க" என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் அந்தப் பை அங்கே இருந்தது. நான் காரணம் கேட்கவில்லை.

நான்காம் நூலைப் படித்தபோது காரணம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். குழந்தை காத்திருக்கிறாள். அம்மா வரமாட்டாள் என்பதை நான்தான் அவளிடம் சொல்ல வேண்டும். அதற்கான வாக்கியத்தை மூன்று வாரங்கள் மனத்துக்குள் எழுதி எழுதி அடித்தேன்.

வண்டியூரிலிருந்து சமையலுக்கு வரும் பெண்மணி ஒருநாள் காலை அந்த நாற்காலியில் அமர்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். அதில் உட்கார்ந்தால் பாப்பாவுக்குப் பிடிக்காது என்றேன்.

"நல்லாருக்கே. நேத்து பாப்பாதான இத இழுத்துப் போட்டு உக்காருங்கக்கான்னுச்சு. அம்புட்டுப் பூண்டையும் இதுல உக்காந்துதான் உரிச்சேன். உங்களுக்குத்தான் ஆகாது போலய்யா."

அன்று மாலை பேத்தி பள்ளியிலிருந்து வந்து, ஐந்தாம் நூலை விரித்துக்கொண்டு அமர்ந்தாள். சுற்றிவளைத்துத்தான் கேட்க முடிந்தது.

"அந்தப் பொண்ணு எப்படித் திரும்பி வந்தா?"

"எங்க வந்தா? இவங்களா வரவச்சுட்டாங்க. அடுத்த புக்கு போடணும்ல." அவள் பக்கத்தைத் திருப்பினாள். "செத்தா செத்ததுதான் தாத்தா. அப்ப மூணாவது புக்குல அம்புட்டுப் பேரும் அழுதாங்களே, அவங்கெல்லாம் லூசா?"

"அப்புறம் நாற்காலில பை எதுக்கு?"

சொல்லலாமா என்று சற்று யோசித்தாள். "அங்க உக்காந்தா அம்மா போட்டோ நேராத் தெரியும். அதையே பாத்துட்டு ரெண்டு இட்லியோட எந்திரிச்சுருவீங்க. இந்தப் பக்கம்னா நாலு உள்ள போகுது. நான் எண்ணிக்கிட்டுத்தான இருக்கேன்."

மூன்று வாரமாக எழுதிய வாக்கியம் தேவைப்படவில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எவருக்காகவும் அவள் காத்திருக்கவில்லை. முதலில் வந்தது நிம்மதி. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. அதன் பிறகே வெட்கம் வந்தது. சன்னலருகே கைகட்டி நின்ற பொறியாளர்களை அவ்வளவு கடுமையாகக் குறித்தவன், தன் வீட்டில் பத்து வயதுப் பெண் ஓராண்டாக என்ன சுமந்தாள் என்பதைக் கவனிக்கவில்லை.

"தாத்தா சாப்பிடுறத எண்ணுறது உன் வேலையில்ல. இனி என் தட்ட நான் பாத்துக்கிறேன்."

"சொல்லுவீங்க."

"ஒரு வாரம் பாரு."

"வாரமெல்லாம் பத்தாது. ஒரு மாசம். அப்புறம் வேணா பையக் கீழ வக்கிறேன்."

நிபந்தனை நியாயமானது, ஏற்றுக்கொண்டேன். அன்று நான்கு இட்லி சாப்பிட்டேன். அவள் ஓரக்கண்ணால் எண்ணினாள். மறுநாளும் எண்ணினாள். மூன்றாம் வாரத்தில் ஒரு காலை, தேங்காய்ச் சட்னி குறைந்துபோனதற்காகச் சமையல்காரப் பெண்மணியோடு மும்முரமாகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தவள், என் தட்டைப் பார்க்காமலே பள்ளிக்குப் போய்விட்டாள்.