ஒத்துழைக்காத தாய்

தொண்ணூறுகளின் நடுவில் கனடாவின் ஸ்காபரோவில் பிள்ளைகள் பாதுகாப்பு அலுவலகம் ஒன்றில் வேலை செய்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து முறைப்பாடு வந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். எங்கள் தமிழ் ஆட்களின் வீடென்றால் அரசாங்கமே வந்தது மாதிரிப் பதறுவார்கள். தேத்தண்ணி வரும், ரோல்ஸ் வரும், எதைக் கேட்டாலும் "ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்று தலையாட்டுவார்கள். நானும் வயிறு நிறைந்து, "நல்ல ஒத்துழைப்பு" என்று எழுதிவிட்டு வருவேன்.

ஒருநாள் ஜமெய்க்காவிலிருந்து வந்த ஒரு கறுப்பினத் தாயின் அப்பார்ட்மென்டுக்குப் போனேன். ஏழு வயது மகள் ஒரு கிழமையாகப் பள்ளிக்கூடம் வரவில்லையாம். தாய் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு போன் பண்ணிச் சொன்னனான். பிறகும் ஏன் வந்தனீ? ஆர் அனுப்பினது?"

பின்னால் நின்ற சிறுமியும் விடவில்லை. "இவ ஏன் எழுதுறா? என்ன எழுதுறா?" உள்ளே விட்டார்கள், ஆனால் இருக்கச் சொல்லவில்லை. ஒரு வாய் தண்ணீர்கூட இல்லை. எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "தாய் கோபக்காரி. ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாளில், விசாரணை முடியும்வரை என்று சொல்லி, அந்தப் பிள்ளையை வேறொரு குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு கறுப்பினப் பெண் இருந்தார். தங்கள் இனத்துப் பிள்ளைகளைத்தான் அவசரப்பட்டுப் பிரிக்கிறார்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை பிடிப்பவர். அவர் என்னுடைய இரண்டு அறிக்கைகளைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்.

"இந்தத் தமிழ் வீட்டுப் பிரிட்ஜுக்குள்ள என்ன இருந்தது?"

"பாக்கேல்லை."

"இந்தத் தாயின்ர வீட்டில?"

"பால், முட்டை, சூப். காய்ச்சல் மருந்தும் இருந்தது."

"அதை ஏன் எழுதேல்லை? நீர் கண்டதையோ எழுதினனீர், உமக்கு வந்த கோபத்தையோ?"

சீ என்று போய்விட்டது. தேத்தண்ணி தராத குற்றத்துக்கு ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்திருக்கிறேன்! அந்தத் தாயைப் பற்றிய அறிக்கை பிழை என்று அன்றைக்கே கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்தேன். மேலதிகாரி முகத்தைச் சுழித்தார். வைத்த கையெழுத்தை நான் எடுக்கவில்லை. கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும், பிள்ளையைப் பிரிக்க முன்னர் இன்னொருவர் வாசிக்க வேண்டும் என்று அந்தப் பெண் நின்று பிடித்து ஒரு நடைமுறையைக் கொண்டுவந்ததும் அதன் பிறகுதான். ஆனால் என் கடிதம் மேசை மேசையாய் ஏறி இறங்கப் பன்னிரண்டு நாள் போய்விட்டது.

பிள்ளையைத் தாயிடம் நானே காரில் கூட்டிப் போனேன். வழி முழுக்க அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தாய் ஓடிவந்து கட்டிப்பிடித்து, அழுதழுது, "என்ன சாப்பிடப் போறாய், என்ர செல்லம்?" என்று கேட்டார்.

சிறுமி முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

"எதெண்டாலும் சரி, மேடம்" என்றாள், பெற்ற தாயிடம்.